வியாழக்கிழமைப் பெருமூச்சு

உலகத்தார் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: நம் காலடியில் கிடக்கும் மண்ணானது, வாரம் முழுவதும் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்து, வியாழக்கிழமை முற்பகலில் மட்டும் பெருமூச்சு விடுகிறது என்னும் பேருண்மை, மனித குல வரலாற்றிலேயே முதன்முறையாக, மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் நமது மண்ணியல் ஆய்வு நிலையத்தில் கண்டறியப்பட்டுள்ளது. இதனால் வேளாண்மை, வானிலை, மருத்துவம், தத்துவம் ஆகிய துறைகள் தலைகீழாக மாறும்.

'தத்துவம்' என்ற சொல்லைச் சுற்றி விளக்கக்காரி பேனாவால் ஒரு வட்டம் போட்டாள்.

அறிவிப்பை எழுதியவர் நிலையத்தின் இயக்குநர். எதைப் பேச ஆரம்பித்தாலும் முன்னுரையைத் தாண்டி உள்ளே போனதில்லை என்பதால் ஊழியர்கள் அவருக்கு 'முகவுரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் எழுதுவதை மனிதர்கள் படிக்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பது இவள் வேலை. முன்பு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். காசு போட்டவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும் என்று மேலிடம் ஓர் உத்தரவு போட, அதை நிறைவேற்ற நிலையம் இவளை வேலைக்கு எடுத்தது. நுண்ணுயிரிகளை 'கண்ணுக்குத் தெரியாத சமையல்காரர்கள்' என்று எழுதிப் புகழ் பெற்றவள். நுண்ணுயிரிகள் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. விஞ்ஞானிகள்தான் முகத்தைச் சுளித்தார்கள்.

வியாழக்கிழமை என்றதுமே அவளுக்கு எங்கேயோ இடித்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, நடைபாதையின் மறுகோடியில் இருந்த தங்கையின் மேசைக்குப் போனாள்.

கண்டுபிடிப்பு அந்தத் தங்கையுடையது. வருடா வருடம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த விஞ்ஞானி. இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. பெருமூச்சை நிதிக் குழு ஏற்றுக்கொண்டால் ஐந்து வருடத் திட்டம், கூடவே நிரந்தர வேலை. ஏற்காவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான். மேசைக்குப் பின்னால் சுவரில் அந்த வரைபடம் ஒட்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு கூர்முனை, சீப்பின் பற்களைப் போல வரிசையாக. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பல் விழுந்திருந்தது.

"ஏன்டீ, மண்ணுக்கு எப்படிடீ கிழமை தெரியும்?"

தங்கை கணினியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "அதைத்தானேக்கா அஞ்சு வருஷம் ஆராயப் போறோம்."

"பகல் ராத்திரி சூரியனால வருது, சரி. மாசம் நிலாவால, சரி. வாரம் நாமளா உக்காந்து வெச்சுக்கிட்டது. அது எப்படி மண்ணு காதுல விழுந்துச்சு?"

"உனக்குப் புரியலேன்னா விடு. புரியாத விஷயத்தை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"நான் பட்டுட்டேனே."

"நீ கடிகாரத்தைப் பாத்துட்டு, அது சரியான்னு பக்கத்து வீட்டுல போய்க் கேக்கறவ." தங்கை இப்போதுதான் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "எல்லாம் சோதிச்சாச்சுக்கா. கசிவு இருக்கான்னு பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை, ஆய்வகத்துல ஈ காக்கா இல்லாத நேரமாப் பாத்து, பொறுமையாப் பண்ணினேன். சுத்தமா இருந்துச்சு. போதுமா?"

"அந்த விழுந்த பல்லு?"

"மண்ணு அந்த வாரம் ஓய்வு எடுத்துக்கிச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் பூஜாடியை உடைத்துவிட்டுப் பூனையைக் காட்டியபோதும் இதே சிரிப்புதான்.

இந்த மாதிரி நேரத்தில் கணவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளை விசாரிப்பவர். கால் உடைந்தவனைப் பார்த்தால் 'வலிக்கிறதா' என்று கேட்காமல் 'எந்தப் பக்கமாக விழுந்தாய்' என்று கேட்கிற ஜாதி.

"முதல்ல ஒண்ணு சொல்லு. இதுல யாருக்கு லாபம்?" என்றார் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவளுக்குத்தான். வேற யாருக்கு?"

"அப்ப அவதான்."

"சும்மா இருங்க. மாடியில இருக்கா, காதுல விழப்போகுது."

"சரி, வேற மாதிரி பாக்கலாம். அந்தக் கருவி இருக்கற அறையில வியாழக்கிழமை யார் யார் இருப்பாங்க?"

"விஞ்ஞானிங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அன்னிக்குத்தான் பொதுமக்கள் பாக்க வர நாள். நான்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். நாப்பது ஐம்பது பேர் வருவாங்க. 'இதனால என்ன பிரயோஜனம்'னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயந்து, விஞ்ஞானிங்க எல்லாம் அதே நேரத்துக்குப் பக்கத்துக் கட்டடத்துல வாராந்தரக் கூட்டம் வெச்சுக்கிட்டாங்க."

கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். இப்படி நிறுத்தினால் ஏதோ ஒரு கோரிக்கை தள்ளுபடி ஆகப்போகிறது என்று அர்த்தம். "ஆக, ஊர்ல இருக்கறவன் எல்லாம் உள்ள வரான். பாத்துக்க வேண்டியவன் ஒருத்தனும் இல்ல. அந்த நேரத்துல கருவி எகிறுது. எவனோ கை வெக்கறான். ஒரு வாரம் எகிறலேன்னு சொன்னியே, அந்த வாரம் யாரு லீவு? திருட்டு நடக்காத அன்னிக்கு எவன் ஊர்ல இல்லையோ அவன்தான் திருடன். இது எங்க தொழில்ல பாலபாடம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்ததும் முகம் மாறியது.

"அந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பொதுமக்கள் வருகையையே ரத்து பண்ணிட்டாங்க. நான்தாங்க லீவு."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தொழில்முறையாக அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப நீதான்," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மாடியில் தங்கை நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. மனசாட்சி சுத்தமாக இருப்பவள் இப்படி ஏன் நடக்க வேண்டும்? வேலை போகுமோ என்ற பயத்தில் நடப்பவர்களும் இப்படித்தான் நடப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றியது. ஆனால் சந்தேகம் என்பது முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு வருகிறவர்களுக்கு நாற்காலி தராது.

வியாழக்கிழமை வந்தது. கையும் களவுமாகப் பிடிப்பது என்ற முடிவோடு விளக்கக்காரி ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். பின்னால் ஓய்வுபெற்றோர் சங்கம் ஒன்றும், ஒரு கல்லூரி வகுப்பும்.

அறை பெரியதல்ல. நடுவில் தரையில் இடுப்பு உயரக் கண்ணாடிக் கலம். பாதிவரை மண். மேலே உலோக மூடி. கூரையிலிருந்து ஒரு குழாய் சுத்தமான வெளிக்காற்றைக் கலத்துக்குள் கொண்டுவரும். மண் விடுகிற கரியமில வாயு அதில் கலக்கும். பக்கத்தில் இருக்கிற பம்பு அந்தக் காற்றை உறிஞ்சி மீட்டருக்கு அனுப்பும். மீட்டர் அதை எண்ணாகக் காட்டும். இவ்வளவுதான் விஷயம். முகவுரை இதை விளக்கினால் பூமி தோன்றியதிலிருந்து ஆரம்பிப்பார்.

வழக்கமாக அவள் மீட்டருக்கு முதுகைக் காட்டி, மக்களுக்கு முகத்தைக் காட்டி, மூடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பேசுவாள். இன்று மக்களுக்கு முதுகைக் காட்டி, மீட்டரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"முகத்தைக் காட்டிப் பேசுங்கம்மா," என்றார் ஒரு பெரியவர். "வரியும் கட்டிட்டு முதுகையும் பாக்கணுமா?"

அவள் காதில் வாங்கவில்லை. எண் ஏறிக்கொண்டிருந்தது. கலத்தை யாரும் தொடவில்லை. ஆனாலும் ஏறியது. தொப்பி போட்ட ஒரு மாணவன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ நிமிண்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கையை வெளிய எடு."

"எதுக்கு மேடம்?"

"எடுன்னா எடு."

எடுத்தான். பாதி உரித்த மிட்டாய். வகுப்பு முழுதும் சிரித்தது. எண் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்கு. ஜன்னலே இல்லையா?" என்றார் அந்தப் பெரியவர்.

"ஆய்வுக்காக அடைச்சு வெச்சிருக்கோம்," என்று பழக்கதோஷத்தில் சொன்னாள். எண் தாவிக்கொண்டே போனது. கூட்டத்தில் எவனோ ஒருவன் ஏதோ செய்கிறான், எவன் என்று தெரியவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டால் தெரிந்துவிடும். அனுப்பினாள். பெரியவர் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கதவு திறந்தே இருந்தது. வெளிக்காற்று வந்தது.

எண் இறங்கத் தொடங்கியது. அவசரமில்லாமல், படிப்படியாக. அவள் ஆசுவாசத்தில் மூடி மேல் சாய்ந்து ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

எண் ஏறியது.

அவள் நிமிர்ந்தாள். மறுபடியும் மூடியின் ஓரமாகக் குனிந்து, பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பது போல ஊதினாள். எண் குதித்தது. பிறகு அவள் அறையின் கோடிக்குப் போய், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இறங்கியது. திருடன் அகப்பட்டுவிட்டான். எத்தனையோ வாரங்களாக, கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்து, பட்டப்பகலில், மூடி மேல் கை ஊன்றி, 'இந்த மண் மூச்சு விடுகிறது பாருங்கள்' என்று அதன் மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவள் அவளேதான்.

தங்கையிடம் சொல்வதற்கு அன்று மத்தியானம் வரை தைரியம் வரவில்லை. சொன்னதும் தங்கை கேட்ட முதல் கேள்வி, "பொறாமையாக்கா உனக்கு?"

"வந்து பாரு."

வந்தாள். அக்கா முகவுரையின் அறிவிப்பை எடுத்து, மூடிக்குப் பக்கத்தில் குனிந்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தாள். 'மனித குல வரலாற்றிலேயே' வரும்போது எண் சாதாரண வியாழக்கிழமை அளவைத் தாண்டியது. 'தத்துவம்' வரும்போது மீட்டரின் வரலாற்றிலேயே இல்லாத உயரம்.

தங்கை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "காத்து உள்ள இழுக்குது. பம்பு உறிஞ்சற உறிஞ்சுல மூடி வழியா அறைக்காத்தும் போகுது. ஞாயித்துக்கிழமை ஆள் இல்ல, அறைக்காத்தும் வெளிக்காத்தும் ஒண்ணு. அதான் சுத்தமாக் காட்டுச்சு." தனக்குத்தானே பேசுவது போலச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள். "நல்லா என் தலையில மண்ணள்ளிப் போட்டே."

"நான் வேணும்னா பண்ணினேன்?"

"நீ எதுக்கு மீட்டரைப் பாத்துக்கிட்டு நின்னே? என்னிக்கும் இல்லாம இன்னிக்கு?"

அக்கா கையிலிருந்த அறிவிப்பை மடிக்க ஆரம்பித்தாள்.

"நான் கள்ளத்தனம் பண்றேன்னு நெனச்சியா?"

"அப்படி இல்லடீ."

"எப்படி இல்ல?"

"கொஞ்சம் நெனச்சேன்."

"மாமாவும் நெனச்சாரா?"

"அவரு என்னையும் சேத்துத்தான் நெனச்சாரு."

தங்கை சிரிக்கவில்லை. மீட்டரை அணைக்கப் போய், அணைக்காமல் கையை இழுத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை நிதிக் குழு வருது. நீ சொல்லாம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

"இருந்துடறேன். உனக்கு வேலை முக்கியம்னா நான் வாயத் தெறக்கல."

"அது நடக்கற காரியமா," என்றாள் தங்கை. ஆனால் அதைச் சொன்ன விதத்தில், நடக்கிற காரியமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது இருவருக்கும் கேட்டது.

இருவருமாக முகவுரையின் அறைக்குப் போனார்கள். முழுவதையும் கேட்டுக்கொண்ட அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை யாரு சொல்லி அனுப்பினாங்க?"

"யாரும் இல்ல சார். மூடி கசியுது."

"கடலாய்வு நிலையத்துக்காரங்களா? அவங்களும் இதே நிதிக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்காங்க. எனக்குத் தெரியும்." விளக்கக்காரியின் பக்கம் திரும்பினார். "அம்மா, சந்தேகப்படறது விஞ்ஞானிக்கு அழகு. நான் மறுக்கல. ஆனா நிதிக் குழு வர வாரத்துல அழகு பாத்துக்கிட்டு நிக்க முடியாது. நீங்க விளக்கற வேலையை மட்டும் பாருங்க. கண்டுபிடிக்கற வேலை உங்களுக்கு இல்ல."

திங்கட்கிழமை நிதிக் குழு வந்தது. தலைவி வயதான அம்மாள். திட்டங்களை வெட்டித் தள்ளுவதில் பேர்போனவர் என்பதால் ஊரிலுள்ள ஆய்வு நிலையங்கள் எல்லாவற்றிலும் அவருக்குக் 'கத்தரி' என்றுதான் பெயர். அவருக்குப் பின்னால் உறுப்பினர்கள், உறுப்பினர்களின் உதவியாளர்கள், படம் எடுப்பவர்கள். இவர்களோடு வாராந்தரக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாத விஞ்ஞானிகள் அத்தனை பேரும் அந்தச் சின்ன அறைக்குள் அடைந்தார்கள்.

முகவுரை பூமி தோன்றியதிலிருந்து ஆரம்பித்தார். தீப்பிழம்பு குளிர்ந்து பாறையாகி, பாறை பொடியாகி மண்ணாவதற்குள் மீட்டர் எகிறத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் குரல் தழுதழுத்தது.

"பாருங்கள்! இன்று வியாழக்கிழமை கூட இல்லை. மாண்புமிகு குழுவினரின் வருகையை உணர்ந்து மண்ணே..."

கைதட்டல் எழுந்தது. விளக்கக்காரி தங்கையைப் பார்த்தாள். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தங்கை சுவரோரமாக, கைதட்டாமல், எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை ஒரு தரம் நனைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் தயவுசெஞ்சு கொஞ்சம் வெளிய போய் நிக்கறீங்களா?"

முகவுரை திரும்பினார். "என்னம்மா?"

"எல்லாரும் சார். நீங்களும்."

கத்தரிதான் முதலில் நகர்ந்தார். தலைவி போனால் மற்றவர்கள் போகாமல் இருக்க முடியாது. நடைபாதையில் நெருக்கியடித்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எண் இறங்கியது.

"இப்ப உள்ள வாங்க."

வந்தார்கள். ஏறியது.

"அது மண்ணோட மூச்சு இல்லைங்க," என்றாள் தங்கை. "நம்மளோடது. மூடி கசியுது. வியாழக்கிழமை எங்கக்கா ஆளுங்களைக் கூட்டிட்டு வராங்க, அதான் வியாழக்கிழமை ஏறுது. மண்ணுக்குக் கிழமை எல்லாம் தெரியாது. நான்தான் சரியாப் பாக்கல."

கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு தரம் பண்ணலாமா?"

இன்னொரு தரம் வெளியே போனார்கள். உள்ளே வந்தார்கள். மூன்றாம் தரம் கத்தரி தனியாகவே மூடிக்குப் பக்கத்தில் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒரு ஊது ஊதிப் பார்த்தார். எண் குதித்தது. அந்தக் கடுகடுத்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"இருபது வருஷமா இந்த மாதிரி இடங்களுக்கு வந்துக்கிட்டு இருக்கேன்," என்றார். "இன்னிக்குத்தான் ஒரு விஷயம் முழுசாப் புரிஞ்சுது."

முகவுரைக்கு உயிர் வந்தது. "நாங்கள் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டோம், மேடம்," என்றார். "சந்தேகம்தான் இந்த நிலையத்தின் அடித்தளம்."

ஐந்து வருடத் திட்டம் அந்த இடத்திலேயே போயிற்று. அதோடு நிரந்தர வேலையும் போயிற்று. தங்கை அன்று மாலையே மேசையைக் காலி செய்யத் தொடங்கினாள். அக்கா பெட்டிகள் கொண்டுவந்து கொடுத்தாள். வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுக்கும்போது, "இதை நீ வெச்சுக்கோ. உன் மூச்சுதானே," என்றாள் தங்கை. அக்கா வாங்கிச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் குழுவிடமிருந்து முடிவு வந்தது. ஒரு பொது நிலையத்தில் இப்படி ஒரு கசிவு எப்படி ஏற்பட்டது, மற்ற நிலையங்களிலும் இருக்குமா, இதன் வேர் எங்கே என்பதை ஆழமாக ஆராய வேண்டும் என்று கத்தரி வற்புறுத்தியிருந்தார். அதற்காகத் தங்கைக்கு ஒரு வருட ஒப்பந்தம். திட்டத்துக்கு முகவுரையே பெயர் வைத்தார்: 'மூடிய கலன்களில் வளிக் கசிவின் தோற்றுவாய்கள் குறித்த பன்முக, பலதுறை ஆய்வு.' தொடக்க விழாவில் அவர் காற்று தோன்றியதிலிருந்து பேசினார்.

"ஒரு வருஷம் குடுத்திருக்காங்களா? ஒரு மூடிக்கா?" என்று கேட்டார் கணவர். "இதுல யாரோ இருக்காங்க. நல்லா விசாரிக்கச் சொல்லு."

"உங்க கொழுந்தியாளுக்கு வேலை கெடைச்சிருக்கு. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க."

ஆனால் அவளுக்கும் உள்ளூர அதே குறுகுறுப்புதான். கடலாய்வுக்காரர்களோ, பழைய விஞ்ஞானி எவராவதோ, மூடியைச் செய்து கொடுத்த கம்பெனியோ. இவ்வளவு பெரிய தவறுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய காரணம் இருந்துதானே ஆக வேண்டும். ஆய்வு தொடங்கிய முதல் நாள் காலை, கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தங்கையோடு ஆய்வகத்துக்குப் போய் நின்றாள். தங்கை ஒரு திருப்புளியால் மூடியின் திருகுகளைக் கழற்றினாள். அக்காவைப் பிடிக்கச் சொல்லி, இருவருமாக மூடியைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். விளிம்பில் சுற்றிலும், காற்றை அடைக்க ஏதோ பொருந்த வேண்டிய ஒரு பள்ளம் இருந்தது. காலியாக இருந்தது. தங்கை அலமாரியைத் திறந்து, மூடி வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள்.

ரப்பர் வளையம் அதில் இருந்தது.